லக்கேஜ் பட்டியில் ஒரு தாளம்

நேயர்களுக்கு வணக்கம்.

டொராண்டோவுக்குப் போய் வந்தவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், பரண்மேல் கிடக்கும் பெட்டியை இறக்கிப் பாருங்கள். போகும்போது கைப்பிடியில் சுற்றி ஒட்டிய காகிதப் பட்டி இன்னும் இருக்கலாம். அதில் பெரிய எழுத்தில் ஒய் ஒய் இசட் என்று அச்சிட்டிருக்கும். டொராண்டோ பியர்சன் விமான நிலையத்தின் குறியீடு அது. ஸ்கார்பரோவில் இருக்கும் அக்காவைப் பார்க்கப் போனபோது ஒட்டிய பட்டியை நான் இன்னும் கிழிக்கவில்லை. பாசம் என்று அக்கா நினைத்துக்கொண்டிருக்கிறாள். உண்மையான காரணம் ஒரு பாட்டு. பாட்டு என்பதுகூடச் சரியில்லை, அதில் ஒரு சொல் கிடையாது, வெறும் வாத்தியம்தான்.

விமானங்களுக்கு வழிகாட்டும் வானொலிக் கருவி தன் குறியீட்டை மோர்ஸ் ஒலியில் ஓயாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும். விமானி அதைக் கேட்டு, சரி, இது டொராண்டோதான் என்று உறுதி செய்துகொள்வார். டொராண்டோவைச் சேர்ந்த ரஷ் என்ற ராக் குழு அந்த ஒலியைக் கேட்டு அப்படியே தாளமாக்கிவிட்டது. மோர்ஸில் இருப்பது நீண்ட ஒலி, குறுகிய ஒலி இரண்டே. நமக்கு நெடில், குறில். ஒய் என்றால் தா த தா தா. மறுபடி ஒய், தா த தா தா. இசட், தா தா த த. நெடிலுக்கு இரண்டு மாத்திரை, குறிலுக்கு ஒன்று என்று எண்ணுங்கள். ஏழு, ஏழு, ஆறு. ஆக இருபது. நான்கு நான்காகப் பிரித்தால் ஐந்து அடி. நாலு வருடம் மிருதங்கம் கற்றுப் பாதியில் விட்டவன் நான். ஐந்தில் நடக்கும் கண்டம் என்ற தாளக் கணக்கு ஒரு விமான நிலையத்திலிருந்தும் வந்து இறங்கும் என்று என் வாத்தியார் சொல்லித் தந்ததில்லை.

அந்த வாத்திய இசையின் பெயரும் ஒய் ஒய் இசட்தான். அது இருக்கும் ஆல்பத்தின் பெயர் 'மூவிங் பிக்சர்ஸ்'. 1981 பிப்ரவரியில் வந்தது. மொத்தம் ஏழே உருப்படிகள், சுமார் நாற்பது நிமிடம். கனடாவில் முதல் இடம், அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் மூன்றாம் இடம். அமெரிக்காவில் மட்டும் நாற்பது லட்சத்துக்கும் மேல் விற்றது. ரஷ் வேறெந்த ஆல்பத்திலும் இவ்வளவு பேரைப் போய்ச் சேரவில்லை.

குழுவில் மூன்றே பேர். கெடி லீ பாடுவார், பேஸ் கிடார் வாசிப்பார். அலெக்ஸ் லைஃப்சன் கிடார். நீல் பியர்ட் டிரம்ஸ், பெரும்பாலான பாட்டுகளின் வரிகளை எழுதியவரும் அவரே. 1975இல் இவர்கள் போட்ட ஓர் ஆல்பம் சரியாகப் போகவில்லை. சின்னச் சின்னப் பாட்டாகப் போடுங்கள் என்று இசைத்தட்டு நிறுவனம் நெருக்கியது. இவர்கள் மறு ஆண்டே தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் ஒரே கதைப்பாட்டுக்குக் கொடுத்தார்கள், இருபது நிமிடம். அது விற்றும் தொலைத்தது. அப்புறம் அவர்களிடம் யார் வாய் திறக்க முடியும்?

அப்படிப்பட்டவர்கள், யாரும் கேட்காதபோது, தாங்களாகவே பாட்டைச் சுருக்கினார்கள். அதுதான் எனக்குப் பிடித்த விஷயம். 1980இல் ஒரு டொராண்டோ வானொலி நிலையத்தின் விளம்பர வாசகத்தையே தலைப்பாக வைத்து, ஐந்து நிமிடத்துக்குள் ஒரு பாட்டு போட்டார்கள். அடுத்த ஆண்டு 'டாம் சாயர்'. நாலரை நிமிடம். எடுத்த எடுப்பில் சிந்தசைசர் என்ற மின்னணுக் கீபோர்டு ஒரு பெரிய மிருகம் தொண்டையைச் செருமுவதுபோல் உறுமும். நடுவில் பாட்டு ஏழுக்கு மாறிவிடும், நம் மிஸ்ரம். அதன்மேல் ஏறித்தான் லைஃப்சன் கிடாரைப் பேசவிடுகிறார். இருபது நிமிடத்தில் செய்துகொண்டிருந்த வேலை முழுவதும் இதற்குள் இருக்கிறது. புளியைக் கரைத்து வழியவிடாமல் கெட்டியாகப் பிழிந்த மாதிரி. எந்த வானொலியும் தயங்காமல் போடலாம், போட்டார்கள்.

பழைய வழக்கம் முழுக்கப் போய்விடவில்லை. நியூயார்க்கையும் லண்டனையும் பற்றி இதே ஆல்பத்தில் பத்து நிமிடத்துக்கு மேல் ஓடும் ஒன்று இருக்கிறது. அவ்வளவு நீளத்தில் அவர்கள் செய்த கடைசிப் பாட்டு அது. எனக்கு அது கொஞ்சம் இழுவைதான், ரசிகர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஆல்பத்தின் கடைசி உருப்படி 'வைட்டல் சைன்ஸ்'. அதில் கிடார் ஜமைக்காவின் ரெகே பாணியில் வெட்டி வெட்டி விழும், அடியில் கீபோர்டு இயந்திரம்போல் ஓடும். அடுத்து எங்கே போகப் போகிறார்கள் என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள்.

கீபோர்டை வாசித்தது யார்? கெடி லீதான். மேடைக்குத் தனியாக ஆள் வைத்துக்கொள்ளவில்லை. வாய் பாடும், கை பேஸில் இருக்கும், திடீரென்று கீபோர்டுக்குத் தாவும், அப்போது பேஸ் சுரங்களைக் காலால் பெடலில் மிதிப்பார். மூன்று பேர் குழுவில் ஒரு வாத்தியம் உள்ளே வந்தால் இன்னொன்று நகர்ந்து இடம் விட வேண்டும். 1982இல் வந்த 'சிக்னல்ஸ்' ஆல்பத்தில் நகர்ந்தது கிடார். லைஃப்சனுக்கு அந்த வருத்தம் இருந்தது, பின்னாளில் வெளிப்படையாகவே சொன்னார். தொடக்க காலம் முதல் ஒலிப்பதிவில் கூடவே இருந்த டெர்ரி பிரவுனும் அந்த ஆல்பத்தோடு விலகினார். எண்பதுகள் முழுக்கக் கீபோர்டின் கை ஓங்கியிருந்தது. கிடார் பழைய முரட்டுத்தனத்தோடு திரும்ப 1993 ஆனது.

'மூவிங் பிக்சர்ஸ்' இந்த இழுபறிக்குச் சரியாக நடுவில் வருகிறது. கிடார் இன்னும் இடத்தை விடவில்லை, கீபோர்டு இன்னும் உட்காரவில்லை. அது திட்டமிட்டு வந்த அளவு என்று நான் நம்பவில்லை. ஓடும் பேருந்து வளைவில் திரும்பும்போது எடுத்த படம், அழகாக விழுந்துவிட்டது.

அட்டைப் படத்தையும் சொல்ல வேண்டும். டொராண்டோவில் உள்ள ஒன்டாரியோ சட்டமன்றக் கட்டடத்தின் வாசலில் ஆட்கள் ஓவியங்களைத் தூக்கிச் செல்கிறார்கள். நகரும் படங்கள். ஓரத்தில் நிற்பவர்கள் அதைப் பார்த்துக் கண்ணீர் விடுகிறார்கள். நெகிழவைக்கும் படங்கள். பின்னட்டையைத் திருப்பினால் இதையெல்லாம் ஒரு சினிமாக் குழு படம் பிடித்துக்கொண்டிருக்கிறது. சினிமாவும் ஆங்கிலத்தில் மூவிங் பிக்சர்ஸ்தான். ஒரே தலைப்பில் மூன்று சிலேடை. காளமேகம் பார்த்தால் மீசையை முறுக்கியிருப்பார்.

கியூபெக்கின் மோரின் ஹைட்ஸில், ஏரிக்கரையில் இருந்த ஒலிப்பதிவுக்கூடத்தில் 1980 இலையுதிர் காலத்தில் தொடங்கி இதைப் பதிவு செய்தார்கள். பின்னாளில் அது கைவிடப்பட்டுப் பாழடைந்தது, 2017இல் தீயில் எரிந்தது. 2020 ஜனவரியில் நீல் பியர்ட்டும் இறந்துபோனார்.

நிலையத்து நண்பர்கள் இப்போது ஒய் ஒய் இசட்டின் தொடக்கத்தை ஒலிக்கவிடுகிறார்கள். முதலில் சின்ன உலோகத் தட்டுகளில் மணியோசைபோல் வருவது பியர்ட். விரலை மடக்கத் தயாராக இருங்கள். இருபது வரை எண்ண வேண்டும். தா த தா தா...