தையலுக்குக் கீழே நடப்பது

நேயர்களுக்கு வணக்கம். அறுவைச் சிகிச்சை வார்டில் உணவு ஆலோசகராக 22 வருடம் வேலை பார்த்தவள் நான். வார்டுக்குள் நுழைந்ததும் என் கண் முதலில் போவது கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன அலமாரிக்குத்தான். நோயாளி என்ன சாப்பிடுகிறார் என்பதை அது சொல்லிவிடும்.

ஓர் அம்மாவை என்னால் மறக்க முடியவில்லை. வயிற்றில் ஆபரேஷன் ஆகி ஒன்பதாவது நாள். புண்ணின் ஓரம் கசிந்துகொண்டே இருந்தது. அலமாரியில் மூன்று வகை விட்டமின் மாத்திரை. தூக்குச் சட்டியில் குழையக் குழைய ரசம் சோறு. பருப்பு கொடுக்கவில்லையா என்றேன். "ஐயோ, சீழ் வைக்கும்மா" என்றார் மகள். முட்டை? அதுவும் சீழ் வைக்குமாம். ஆரஞ்சு? புளிப்பு சேர்ந்தால் புண் ஆறாதாம். "அதான் மாத்திரை குடுக்கிறோமே! யூரின்கூட நல்லா மஞ்சளாப் போகுது, உடம்புல பிடிச்சிருக்கு" என்றார்.

அந்த மஞ்சள் நிறம் பி2 விட்டமினுடையது. உடம்புக்குத் தேவை தீர்ந்ததும் மிச்சம் அப்படியே வெளியே வந்துவிடுகிறது. பாவம், அந்தப் பெண் காசு கொடுத்து வாங்கியதில் பாதி அங்கே போய்க்கொண்டிருந்தது. அம்மாவுக்கு வேண்டியதோ சட்டிக்குள் வரவே இல்லை.

இந்த இடத்தைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். தையல் புண்ணை ஆற்றுவதில்லை. பிரிந்த இரண்டு ஓரங்களையும் சேர்த்துப் பிடித்திருப்பது மட்டும்தான் அதன் வேலை. ஒட்ட வைப்பது கொலாஜன் என்கிற புரதம். முப்புரிக் கயிறு திரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். கொலாஜனும் அப்படித்தான், மூன்று இழை முறுக்கிக்கொண்டு நிற்கும். இழை புரதத்திலிருந்து வருகிறது. முறுக்கு அவிழாமல் நிற்க விட்டமின் சி வேண்டும். இழையே இல்லாமல் எதை முறுக்குவது?

இதற்கு ஒரு கதை உண்டு, கட்டாயம் சொல்ல வேண்டும். 1939-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் ஜான் கிராண்டன் என்று ஓர் இளம் அறுவைச் சிகிச்சை மருத்துவர் இருந்தார். விட்டமின் சி இல்லாவிட்டால் புண் உண்மையிலேயே ஆறாதா என்று தெரிந்துகொள்ள, தன் உடம்பிலேயே சோதித்துப் பார்த்தார். பழம், காய்கறி எதையும் தொடவில்லை. ரொட்டி, சீஸ், முட்டை இப்படியே ஆறு மாதம். மற்ற விட்டமின்களையெல்லாம் தவறாமல் எடுத்துக்கொண்டார், அதைக் கவனியுங்கள். சில வாரங்களிலேயே அவர் ரத்தத்தில் விட்டமின் சி இல்லாமல் போய்விட்டது. மூன்றாவது மாதம் முதுகில் ஒரு கீறல் போட்டுத் தைத்தார்கள். என்ன ஆகியிருக்கும் என்கிறீர்கள்? நன்றாகவே ஆறிவிட்டது! ரத்தத்தில் தீர்ந்தாலும் திசுக்களில் சேர்த்து வைத்தது கைகொடுத்திருக்கிறது. ஆறாவது மாதம் இன்னொரு கீறல். பத்து நாள் கழித்துப் பார்த்தால், மேல் தோல் மூடியிருக்கிறது. அதற்குக் கீழே சதை ஒட்டவே இல்லை, ரத்தக்கட்டிதான் நிறைந்திருக்கிறது. அதற்குப் பிறகு தினமும் விட்டமின் சி ஊசி போட்டார்கள். இன்னொரு பத்து நாளில் அதே புண் கூடிவிட்டது. 1940-இல் இது மருத்துவ இதழில் வெளிவந்தது.

இந்தக் கதையைப் பாதி மட்டும் கேட்டவர்கள்தான் மாத்திரை டப்பா வாங்க ஓடுகிறார்கள். மூன்றாவது மாதக் கீறலை மறந்துவிடுகிறார்கள். குறை இருந்தால்தான் விட்டமின் மருந்து. பள்ளம் இருக்கிற இடத்தில் மண் கொட்டலாம். பள்ளம் நிரம்பிய பிறகு கொட்டுவது வழிந்து ஓடத்தான் செய்யும். சரியாகச் சாப்பிடாதவர், தினமும் குடிக்கிறவர், ரொம்ப நாள் படுத்திருந்த முதியவர், இவர்களுக்குப் பள்ளம் இருக்கும். அவர்களுக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மறுக்காமல் சாப்பிட வேண்டும். மற்றவர்களுக்கு ஒரு கொய்யாப்பழம் போதும். நூறு கிராம் கொய்யாவில் சுமார் 200 மில்லிகிராம் விட்டமின் சி இருக்கிறது. ஓர் ஆணுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 80தான். நெல்லிக்காயைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம்.

மறுபடியும் புரதத்துக்கே வருகிறேன், ஏனென்றால் எல்லாரும் கோட்டை விடுவது அங்கேதான். பெரிய ஆபரேஷனுக்குப் பிறகு, உடல் எடையில் கிலோவுக்கு ஒன்றேகால், ஒன்றரை கிராம் புரதம் வேண்டும். அறுபது கிலோ எடை என்றால் நாளுக்கு 75 முதல் 90 கிராம். ஒரு முட்டையில் ஆறு கிராம்தான் இருக்கிறது. ரசம் சோற்றில் என்ன தேறும், நீங்களே கணக்குப் போடுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் இந்தக் கணக்கை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பருப்பாலும் முட்டையாலும் சீழ் வைப்பதில்லை. சீழ் கிருமியால் வருகிறது, சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்குச் சீக்கிரமே வருகிறது. பத்தியம் போடும் பாட்டிமார் அன்பினால்தான் போடுகிறார்கள், எனக்குத் தெரியும். ஆனால் ஆறுகிற உடம்பைப் பட்டினி போடாதீர்கள். அந்த அம்மாவின் மகளிடம் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன். மறுநாள் தூக்குச் சட்டியில் பாசிப்பருப்புக் கடைசல் இருந்தது. முட்டைக்குச் சம்மதிக்க இன்னும் இரண்டு நாள் ஆனது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். ஆபரேஷனுக்கு முன் எதை நிறுத்த வேண்டும் என்று விரிவாகப் பேச நினைத்திருந்தேன், நேரம் இல்லை. தோலுக்கும் முடிக்கும் என்று விட்டமின் ஈ கேப்சூல் சாப்பிடுகிறவர்கள், ஆபரேஷனுக்குத் தேதி குறிக்கும்போதே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்; அதிக அளவில் அது ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும். நாட்டு மருந்து சாப்பிட்டாலும் மறைக்காதீர்கள். இரைப்பையை எடுத்தவர்களுக்குப் பி12 ஊசி வாழ்நாள் முழுக்கத் தேவை, நன்றாக இருக்கிறது என்று விட்டுவிடக் கூடாது. அப்புறம், இரும்புச்சத்து மாத்திரையை டீ, காபியோடு விழுங்க வேண்டாம். நடுவே ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். வணக்கம்.