ஏழு கை மாறிய முட்டை

(தூத்துக்குடி மாவட்டத்தில், தாமிரபரணிக் கரையோரச் சிறு சபை ஒன்றின் ஸ்தோத்திரக் கூடுகையில், கிறிஸ்மஸுக்கு முந்தைய வாரம் பேசியதன் எழுத்து வடிவம்.)

சேகரப் போதகரான ஐயர் அவர்களே, சபைப் பெரியவர்களே, தாய்மார்களே, வாசலில் செருப்புப் பக்கமாகவே நின்று பழகிவிட்ட வாலிபத் தம்பிமாரே, எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

பாருங்கள், வாயைத் திறந்ததும் அதுதான் வருகிறது. நம் பக்கத்தில் இந்தச் சொல் படும் பாடு கொஞ்சமல்ல. போனை எடுத்தால் ஸ்தோத்திரம். தெருவில் எதிர்ப்பட்டால் ஸ்தோத்திரம். வந்தவர் எழுந்து போனால் தேவலை என்று தோன்றும்போது நீட்டி ஒரு ஸ்தோத்திரம். போன மாதம் ஒருவரிடம் கைமாற்றாகக் கொடுத்த பணத்தைக் கேட்கப் போனேன். கதவைத் திறந்தவர், "ஸ்தோத்திரம் அண்ணாச்சி, உங்களைத்தான் ஜெபத்தில் நினைச்சேன்" என்றார். அதற்கு மேல் பணத்தை எப்படிக் கேட்பது? காப்பி குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

ஆனால் 'நன்றி' என்ற சொல் அப்படியல்ல. அதை நாம் மேடைக்கென்று எடுத்து வைத்திருக்கிறோம். சோறு போடும் மனைவியிடம் "நன்றி" சொல்லிப் பாருங்கள், உடம்பு சரியில்லையா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பழைய தமிழில் நன்றி என்றால் செய்த நன்மை. செய்ந்நன்றி அறிதல் என்று வள்ளுவர் வைத்த அதிகாரம், வாயால் சொல்வதைப் பற்றியதல்ல. ஒருவர் செய்ததை மறவாமல் இருப்பதைப் பற்றியது. தினையளவு உதவியையும் பனையளவாக எடுத்துக்கொள்வார்கள், அதன் அருமை தெரிந்தவர்கள் என்கிறார். பனையை அண்ணாந்து பார்த்தே வளர்ந்த நமக்கு அந்த உவமைக்கு உரை வேண்டாம். நம் தாத்தாமார் அந்த உயரத்தை ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஏறி இறங்கினவர்கள்.

சரி, நம் சபைக்கு வருகிறேன். அறுபது குடும்பம். அதில் பாதி சென்னையிலும் மும்பையிலும் வளைகுடாவிலும் இருக்கிறது. டிசம்பர் இருபதுக்கு மேல்தான் கோயில் நிறையும். மற்ற மாதங்களில் ஐயர் பிரசங்கம் பண்ணும்போது எதிரொலி கேட்கும்.

விளைந்ததையும் வளர்த்ததையும் காணிக்கையாகக் கொண்டுவந்து ஏலம் விடுவோமே, போன ஸ்தோத்திரப் பண்டிகையின் அந்த ஏலம் ஞாபகம் இருக்கிறதா? வாழைத்தார், பூசணி, கருப்பட்டி, ஒரு சேவல் எல்லாம் போன பிறகு, தட்டில் ஒரே ஒரு முட்டை மிஞ்சியிருந்தது. கொண்டுவந்தது மேலத்தெரு ஆச்சி. நாலு கோழி வளர்க்கிறாள், அவ்வளவுதான் அவள் சொத்து. ஏலம் விட்ட தம்பி ஐந்து ரூபாயில் ஆரம்பித்தான். ஐம்பதுக்கு ஒருவர் எடுத்தார். எடுத்தவர், "திரும்ப விடுப்பா" என்று தட்டில் வைத்தார். அடுத்தவர் நூறு. அவரும் திரும்ப வைத்தார். அப்புறம் நூற்றைம்பது, இருநூறு, முந்நூறு, ஐந்நூறு. ஏழாவது ஆள் ஆயிரம் ரூபாய்க்கு எடுத்தார். கூட்டினால் 2,300 ரூபாய், ஒரு முட்டைக்கு. எல்லாரும் கை தட்டினோம். ஆச்சி மட்டும் கவலையாக என் பக்கம் வந்து கேட்டாள்: "ஏய்யா, இம்புட்டுப் பணம் குடுக்கியளே, கூமுட்டையா இருந்தா என்ன செய்வியோ?"

அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதிலில்லை.

இந்தப் பண்டிகை இப்போதைய வடிவத்தில் இங்கிலாந்திலிருந்து வந்தது. 1843இல் கார்ன்வால் கடற்கரையோரம் மார்வென்ஸ்டோ என்ற ஊரின் குரு ராபர்ட் ஸ்டீபன் ஹாக்கர், புதுக் கோதுமையில் சுட்ட அப்பத்தோடு நற்கருணை எடுக்க வாருங்கள் என்று சபையாரை அழைத்தார். அங்கே அது அறுப்பு முடிந்த அக்டோபர் மாதம். ஆனால் ஏலத்தில் எடுத்ததைத் திரும்பத் தட்டில் வைக்கிறோமே, அது நம் ஊர்ப் புத்தி என்றுதான் நினைக்கிறேன். பொருள் ஒன்று, கை ஏழு. ஏழு பேருக்கும் கொடுக்க இடம் கிடைக்கிறது. ஆச்சியின் முட்டையும் ஏழு மடங்கு மரியாதை பெறுகிறது.

ஏலத்தில் எனக்குப் பிடிக்காததும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். முடிந்ததும் தொகை வாரியாகப் பெயர் வாசிக்கிறோம். ஆயிரம் கொடுத்தவர் பெயருக்கு ஒலிபெருக்கி ஒரு சுற்றுக் கூடுதலாக வைக்கப்படுகிறது. முட்டை கொண்டுவந்தவள் பெயரை யாரும் வாசிக்கவில்லை. பட்டியலை எழுதியது நான்தான், ஆகவே வேறு யாரையும் குறை சொல்லவில்லை.

கைப்பிடி அரிசிக் கணக்கும் இந்த வகைதான். என் அம்மா உலையில் அரிசி போடுமுன், சபைக் காணிக்கைக்கென்று ஒரு பிடியை எடுத்துச் சின்னப் பானையில் போடுவாள். வீட்டில் அரிசி குறைவாக இருந்த நாளிலும் போட்டாள். அன்றைக்குப் பிடி கொஞ்சம் சிறிதாக இருக்கும், அவ்வளவுதான். மிசோரம் சபைகளில் 1910இல் தொடங்கிய இதே வழக்கம் இன்றும் நடக்கிறது, அங்கே ஊழியத்துக்கு அது பெரிய வருமானம். நம் பக்கத்து வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த அசரியா, 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியபோது முன்னின்றவர்களில் ஒருவர். வெளிநாட்டுப் பணம் வேண்டாம், நம் ஆள், நம் காசு என்பதுதான் அந்தச் சங்கத்தின் பிடிவாதம். அப்புறம் அவரே தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்குப் போய், 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். பனங்காட்டு ஊர்க்காரர்களிடம் அன்று எவ்வளவு காசு இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இனி அசனம், சபையார் எல்லாரும் சேர்ந்து சமைத்து, சேர்ந்து உண்ணும் விருந்து. இதைப் பற்றிப் பேசத்தான் வந்தேன், மற்றதெல்லாம் வழியில் வந்தது.

வேதாகமத்தில் உபாகமம் 26ஆம் அதிகாரத்தில் முதற்பலனைக் கூடையில் வைத்துக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறது. கூடையை வைத்து, எங்கிருந்து வந்தோம் என்று சொல்லிப் பணிந்து முடித்தால் வேலை தீர்ந்தது என்று நாம் நினைப்போம். அங்கே அதோடு விடவில்லை. ஆலய ஊழியம் செய்யும் லேவியனும், உன் நடுவில் இருக்கும் அந்நியனும் உன்னோடு சேர்ந்து சந்தோஷப்பட வேண்டும் என்று சேர்த்துச் சொல்லியிருக்கிறது. ஸ்தோத்திரம் மேலே போக வேண்டுமென்றால், பக்கத்தில் இருப்பவன் வழியாகத்தான் போக வேண்டும் போலிருக்கிறது. நம் முன்னோர் ஸ்தோத்திர ஆராதனையோடு அசனத்தை ஏன் சேர்த்துக் கட்டினார்கள் என்பதற்கு எனக்குக் கிடைத்த விளக்கம் இதுதான்.

அசனத்துக்கு முந்தின இரவு எனக்கு அசனத்தைவிடப் பிடிக்கும். பந்தலுக்கடியில் ஓலைப்பாய் விரித்து, மலை மாதிரி வெங்காயம் குவித்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு உரிக்கும் தாய்மார். எந்த வருஷத்து அசனத்தில் உப்பு கூடியது என்று தொடங்கி, யார் வீட்டுச் சம்பந்தம் எங்கே முறிந்தது என்பது வரை அங்கே பேசி முடியும். இரண்டு வருஷம் முகம் பார்க்காத நாத்தனாரும் மதினியும் ஒரே கூடையிலிருந்து வெங்காயம் எடுக்க வேண்டியிருக்கும். அழுதால் வெங்காயத்தின் மேல் பழி போட்டுக்கொள்ளலாம்.

இப்போது 2023க்கு வருகிறேன். டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. காலை ஆராதனை முடிந்து போகும்போதே மழை வலுத்தது. அன்றும் மறுநாளுமாகக் கொட்டிய மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர். குளங்கள் உடைந்தன. கரண்டு போனது, போன் செத்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட, ஏறக்குறைய 800 பேர் அதில் மாட்டிக்கொண்டார்கள். பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டு அரிசியைக் கொண்டுவந்து, அம்மன் கோயிலில் வைத்துச் சமைத்து அந்தப் பயணிகளுக்குப் போட்டார்கள். தங்கள் ஊரும் தண்ணீரில் நிற்கும்போது செய்த வேலை அது.

நம் ஊரிலும் மேடான இடம் கோயில் வளாகம்தான். எல்லாத் தெருக்காரர்களும் வந்து சேர்ந்தார்கள். யார் எந்தக் கோயில் என்று கேட்க அன்று யாருக்கும் நேரமில்லை. அசன அண்டா இரண்டையும் வெளியே இழுத்தோம். பண்டிகைக்கென்று சேர்த்திருந்த அரிசி இருந்தது. பருப்பு இருந்தது. விறகுதான் இல்லை. ஊரில் இருந்த விறகெல்லாம் ஊறிப்போய்க் கிடந்தது.

இந்த இடத்தில் நான் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு முந்தின இரண்டு வருஷமும், கிறிஸ்மஸ் பாட்டுப் பாடி வீடு வீடாகப் போகும் நம் கீத பவனி ஒரு வீட்டுக்குப் போகவில்லை. அந்த வீட்டுக்காரருக்குச் சங்கக் காணிக்கை, அதாவது சபைக்குக் கட்டும் பணம், பாக்கி இருந்தது. கூட்டத்தில் கேட்டபோது வார்த்தை தடித்தது. வீடுகளின் பட்டியலை எழுதும்போது அந்த வீட்டை விட்டுவிட்டேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை, நானாகத்தான் செய்தேன். டோலக் அவர் வாசலைத் தாண்டும்போது அடிப்பதை நிறுத்திவிட்டு, நாலு வீடு தள்ளித் திரும்பத் தொடங்குவோம். உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருக்கும். அவருடைய பேத்தி ஜன்னலில் நின்றதை நான் பார்த்தேன். பார்க்காத மாதிரி நடந்தேன்.

அந்த மனிதர்தான் திங்கட்கிழமை மத்தியானம் இடுப்பளவு தண்ணீரில், தலையில் ஒரு கட்டுப் பனைமட்டையோடு வந்தார். பரணில் போட்டு வைத்திருந்ததாம், சுண்டக் காய்ந்தது. அதைப் போட்டுவிட்டுத் திரும்பிப் போய் இன்னொரு கட்டு கொண்டுவந்தார். அப்படி நாலு நடை. அடுப்பு பற்றியது. மூன்று நாள் அந்த வளாகத்தில் எல்லாரும் சூடாகச் சாப்பிட்டோம். அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் ஸ்தோத்திரம்கூடச் சொல்லவில்லை, வாய் வரவில்லை.

அந்த வருஷம் கீத பவனியே இல்லை. மறு வருஷம் பட்டியலில் அவர் வீட்டை முதலில் எழுதினேன். போனோம், பாடினோம். கருப்பட்டிக் காப்பி தந்தார்கள். பேத்தி தட்டில் முறுக்கு கொண்டுவந்தாள். பழசைப் பற்றி அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. சங்கப் பாக்கி இன்னும் இருக்கிறது, அது வேறு விஷயம், பொருளாளர் கவனிப்பார்.

ஆண்டிறுதி ஆராதனைக்கு வருவோம், ஐயர் கடிகாரத்தைப் பார்க்கிறார். இந்த 31ஆம் தேதி இரவுக் கூடுகையைப் பரவலாக்கியவர்களில் ஆங்கிலேயப் பிரசங்கியார் ஜான் வெஸ்லியும் ஒருவர். 1740களில் கிங்ஸ்வுட் ஊரின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள், முன்பு சாராயக் கடையில் கழித்த சனிக்கிழமை இரவை ஜெபத்தில் கழிக்கத் தொடங்கினார்கள், அதிலிருந்து வளர்ந்தது. நாமோ புது வருஷத்துக்கான வேத வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டை வாங்கத்தான் ஓடி வருகிறோம். நல்ல வசனம் வராவிட்டால் ரகசியமாக மாற்றிக்கொள்கிறவர்களையும் எனக்குத் தெரியும்.

அன்றிரவு பன்னிரண்டு மணிக்கு மணி அடிப்பவர், கோயில் வேலைகளைப் பார்க்கும் நம் கோயில்பிள்ளை. நாம் கைகுலுக்கிக் கேக் தின்னும்போது அவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கிறிஸ்மஸ் அன்று நாலு மணி ஆராதனைக்கு மூன்று மணிக்கே முதல் மணி. சாவு விழுந்தால் அதற்கும் அவர்தான். அவருக்கு மாதம் என்ன கொடுக்கிறோம் என்று நான் இங்கே சொன்னால் ஊருக்கு வெளியே நம் மானம் போகும், ஆகவே சொல்லவில்லை. ஜனவரிக் கூட்டத்தில் சொல்கிறேன். அன்றைக்கு எல்லாரும் தயவுசெய்து வாருங்கள்.

இந்த வருஷப் பெயர்ப் பட்டியலை ஐயரிடம் கொடுத்துவிட்டேன். தொகை போடவில்லை, தெருவாரியாக எழுதியிருக்கிறேன். மேலத்தெருவில் முதல் பெயர் ஆச்சி, எதிரே 'முட்டை ஒன்று'. ஆட்சேபனை இருந்தால் என்னிடம் சொல்லுங்கள், ஆனால் மாற்ற மாட்டேன்.

கீத பவனி இருபத்திரண்டாம் தேதி இரவு ஏழு மணிக்குத் தெற்குத் தெருவிலிருந்து புறப்படும். கம்பத்து விளக்கு எரியவில்லை, டார்ச் கொண்டுவாருங்கள். இந்த முறை எந்த வாசலிலும் டோலக் நிற்காது; சபை வீடு, மற்ற வீடு என்று பார்க்காமல், கதவு திறந்திருக்கும் இடமெல்லாம் பாடுவோம்.

அப்புறம், அசன அண்டா இரண்டும் போன தடவைக் கரியோடு அப்படியே கிடக்கிறது. சனிக்கிழமை காலையில் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்க நாலு பேர் வேண்டும். வாசலில் நிற்கிற தம்பிமாரே, உங்களைத்தான் கேட்கிறேன். கையைத் தூக்குங்கள், பார்ப்போம்.