வல்லினத்தில் வல்லினம் இல்லை

நேயர்களுக்கு வணக்கம்.

மருத்துவரிடம் போய்த் தலைவலி என்று மட்டும் சொல்லி யாரும் நிறுத்துவதில்லை. 'விண்விண்ணென்று தெறிக்குது டாக்டர்' என்போம். மூக்கு நமநம என்கிறது, உள்ளங்கால் குறுகுறு என்கிறது. இவை எதுவும் காதில் விழும் சத்தமே இல்லை. சலசல, கலகல எல்லாம் சரி, கேட்ட ஒலியை வாயால் சொல்லிக் காட்டுகிறோம். வெளிச்சத்துக்கு ஏது ஓசை? தமிழ் விட்டதா? தங்கத்துக்குத் தகதக, நட்சத்திரத்துக்கு மினுமினு. தொட்டுப் பார்த்ததற்குக்கூட ஒலி வைத்திருக்கிறோம். வழவழ என்று சொல்லிப் பாருங்கள், நாக்கு எங்கும் முட்டாமல் வழுக்கிக்கொண்டு போகும். ழகரம் வராதவர் பாடுதான் திண்டாட்டம். அவர் வீட்டுத் தரை வளவள என்று ஆகி, ஓயாமல் பேச ஆரம்பித்துவிடும்!

இவற்றுக்கு இரட்டைக்கிளவி என்று பெயர். 'இரட்டைக் கிளவி இரட்டின் பிரிந்து இசையா' என்கிறது தொல்காப்பியம். வெறும் 'மினு' என்று சொல்லி நிறுத்தினால், அப்புறம் என்ன என்று எதிரில் இருப்பவர் காத்திருப்பார்.

ஒலிக்கும் பொருளுக்கும் இப்படி முடிச்சுப் போட்ட மொழி, ஒலிகளுக்கே பெயர் வைக்கும்போது கோட்டை விட்டதுதான் வேடிக்கை. கசடதபற ஆறும் வல்லினம். அந்தச் சொல்லையே எழுத்தெழுத்தாகப் பிரித்துப் பாருங்கள். வ, ல், லி மூன்றும் இடையினம். ன, ம் இரண்டும் மெல்லினம். வல்லினம் மருந்துக்குக்கூட இல்லை. இடையினம் என்ற சொல்லிலோ, கூப்பிடாமலே வல்லின டகரம் வந்து உட்கார்ந்திருக்கிறது.

வல்லினம் என்பது நாம் பள்ளியில் படித்த நன்னூலின் சொல். தொல்காப்பியர் கொஞ்சம் தப்பித்தார். 'வல்லெழுத்து என்ப க ச ட த ப ற' என்கிறார். வல்லெழுத்தின் கடைசியில் தகரம் அழுத்தமாகவே ஒலிக்கிறது. பலே என்று சொல்ல வாயெடுத்தால், அடுத்த நூற்பாவே 'மெல்லெழுத்து' என்று தொடங்குகிறது. அதே தகரம், அதே அழுத்தம்!

நெடில் கதை இன்னும் மோசம். நெ குறில், டி குறில். நெட்டெழுத்து என்று நீட்டிச் சொன்னாலும் அதில் ஒரு நெடில்கூடத் தேறாது. குறில் மட்டும் பரவாயில்லை, கு, றி இரண்டுமே குறில். ஆய்தத்தில் ஆய்தம் இல்லை. புள்ளி என்று எழுதினால் ளகரத்தின் தலையில் ஒரு புள்ளி இருக்கிறது, அந்த மட்டில் சந்தோஷம்.

நன்றி, வணக்கம்.