எக்செல் ஷீட்டில் பாட்டிக்கும் ஒரு வரி

நடுவர் அவர்களுக்கும் எதிரணிக்கும் அவையோருக்கும் வணக்கம். குடும்பத்தோடு டிஸ்னி வேர்ல்டு போனா இனிப்பது திட்டமா, திடீரா? நான் திட்டத்தின் பக்கம்.

ஒரு குடும்பத்தை டிஸ்னி வேர்ல்டு இருக்கிற ஆர்லாண்டோவுக்கு அனுப்பிப் பார்ப்போம். அப்பா, அம்மா, எட்டு வயசுப் பொண்ணு, நாலு வயசுப் பையன், ஆறு மாசம் தங்க ஊர்ல இருந்து வந்திருக்கிற பாட்டி. மாசம் ஜூலை. அங்க இருக்கிற மேஜிக் கிங்டம் பார்க் 9 மணிக்குத் திறக்குதுன்னு கேட்டு, சரியா 9 மணிக்குக் காரை நிறுத்தறாங்க. ஐயா, கார் நிறுத்துற இடம் வேற, பார்க் வாசல் வேற. நடுவுல ஒரு ஏரியே கிடக்கு! சோதனை தாண்டி, மோனோரயிலோ படகோ பிடிச்சு உள்ள போறப்ப மணி 10. வரிசை குட்டியா இருக்கிற அந்த முதல் ஒரு மணி நேரம் ஏரியோட போச்சு.

நேரா ஸ்பேஸ் மவுன்டன் ரோலர் கோஸ்டர். வாசல்ல அளவுகோல். 44 அங்குல உயரம் வேணும், பையன் 41. குதிகாலைத் தூக்கறான். கழுத்தை நீட்டறான். கோல் இறங்கி வருமா? ஓன்னு அழுகை. அப்பாவும் பொண்ணும் வரிசைக்குள்ள போயிட்டாங்க, எழுபது நிமிஷம். வெளியில அழுற பையனோட அம்மா. உட்கார நிழல் தேடிக்கிட்டுப் பாட்டி. திரும்பி வந்த அப்பா, "சூப்பரா இருக்கு, நீயும் போயிட்டு வா"ங்கறார். இன்னொரு எழுபது நிமிஷமா? "எனக்கு வேண்டாங்க"ன்னு அம்மா சொல்றாங்க. அவங்களுக்கும் ஆசைதான், யாரும் திரும்பக் கேக்கல.

3 மணிக்கு இடி. ஃப்ளோரிடா கோடையில சாயங்கால இடி மழை சர்வ சாதாரணம். மின்னல் நெருங்கினா வெளிப்புற ரைடுகளை நிறுத்திடுவாங்க. நனைஞ்சு, பசிச்சு, வாணவேடிக்கைக்கு முன்னாடியே கிளம்பியாச்சு.

இங்கதான் எதிரணி நண்பர் கேட்டார்: "பிள்ளை கையில மிக்கி பொம்மை, அப்பா கையில எக்செல் ஷீட்டு. இது சுற்றுலாவா, ஆடிட்டா?" நல்லா கைதட்டு வாங்கினீங்க. இப்ப என் பதிலையும் கேளுங்க. நம்ம வீட்டுக் கல்யாணத்துல இலையோட எந்த மூலையில உப்பு வைக்கணும்னு திட்டம் உண்டு. முதல் பந்தியில யார், சம்பந்தி வீட்டாரை யார் கவனிக்கிறது, காபி எத்தனை மணிக்கு, எல்லாம் எழுதித்தான் செய்யறோம். அதனால கல்யாணத்துல சந்தோஷம் குறைஞ்சு போச்சா? எந்தக் கல்யாணத்தையாவது ஆடிட்னு சொன்னீங்களா? இன்னொண்ணு, நண்பரே. திட்டம் போடாத அப்பா கையில என்ன இருக்கு தெரியுமா? போன்! எந்த வரிசை குறைவு, எங்க சாப்பாடுன்னு நாள் முழுக்க அதையே தேய்ச்சிட்டு நிப்பார். ஷீட் போட்டவர் அந்த வேலையை வீட்டிலேயே முடிச்சிட்டுப் பிள்ளை கையைப் பிடிச்சிட்டுப் போறார்.

அதே குடும்பத்தை இன்னொரு தரம் அனுப்பறேன். இப்ப ஷீட்டோட.

வீட்டுச் சுவர்ல பையனை ஷூவோட நிறுத்தி அளந்தாச்சு: 41. செவன் ட்வார்ஃப்ஸ் மைன் டிரெயினுக்கு 38 போதும், அது உண்டு. ஸ்பேஸ் மவுன்டன் அவனுக்கு இந்தத் தரம் இல்லை. அழுகை வீட்டோட முடிஞ்சது. குட்டி வரிசையில போகக் காசு கொடுத்து வாங்கற சீட்டுக்குப் பேரு லைட்னிங் லேன் மல்டி பாஸ். அதை வாங்கறவங்க, டிஸ்னி ஹோட்டல்ல தங்கினா 7 நாள் முன்னாடி, வெளியில தங்கினா 3 நாள் முன்னாடி, காலை 7 மணிக்கே நேரம் பிடிக்கலாம். பிடிச்சாச்சு. 7:45-க்குக் கார் நிறுத்தியாச்சு. ஏரியைத் தாண்டி, திறக்கும்போது வாசல்ல நிக்கறாங்க. பாட்டிக்கு அங்கேயே வாடகைக்குச் சக்கர நாற்காலி. ஸ்பேஸ் மவுன்டன் வாசல்ல எல்லாருமா போய் ஊழியர்கிட்ட 'ரைடர் ஸ்விட்ச்'னு கேக்கறாங்க. அப்பா போயிட்டு வந்ததும் அந்த நீள வரிசையில மறுபடி நிக்காம அம்மா உள்ள போறாங்க. ஐயா, அம்மா போறாங்க!

பையில புளியோதரை டப்பா. வெளிச் சாப்பாடு கொண்டு போகலாம். கண்ணாடிப் பாட்டில் கூடாது, உதிரி ஐஸ் கூடாது, ஜெல் பேக் வெச்சுக்கலாம். குளிர்ந்த தண்ணி கவுன்ட்டர் உணவுக் கடைகள்ல கேட்டா ஒரு கப் இலவசம்.

அப்புறம் ஷீட்ல ஒரு வரி. '1 மணி முதல் 5 வரை: ரூம். அம்மா தூங்கட்டும்.' எழுதினது அந்த அப்பா. அவர் சொல்ற அம்மா, நம்ம பாட்டி. அக்டோபர்ல அவங்க ஊருக்குத் திரும்பணும். முட்டி வலி. அடுத்த தரம் இவ்வளவு தூரம் விமானம் ஏறுவாங்களான்னு அந்த வீட்டில யாரும் வாய்விட்டுக் கேக்கல. அந்தப் பயம்தான் நடுவர் அவர்களே, எக்செல் ஷீட்ல ஒரு வரியா உட்கார்ந்திருக்கு.

இடி அவங்க தூங்கும்போதே இடிச்சு ஓஞ்சாச்சு. ராத்திரி கோட்டைக்கு மேல வாணவேடிக்கை. பாட்டி முழிச்சிருக்காங்க. பையன் அவங்க மடியில. வானம் வெடிச்சுச் சிவக்குது. அவங்க அவன் காதுல சொல்றாங்க: "நம்ம ஊர்த் தேருக்கும் இப்படித்தாண்டா விடுவாங்க. உங்கப்பன் பயந்துக்கிட்டு என் முந்தானைக்குள்ள ஒளிஞ்சுக்குவான்."

பக்கத்துல நிக்கற அந்த அப்பன் முகத்தை நீங்க பார்க்கணும்.

நன்றி, வணக்கம்.