பொன்னாடை போதும், ஐயாவுக்கு ஒரு வேலை கொடுங்கள்

வணக்கம் நேயர்களே. முதியோரைப் பற்றிப் பேச வாருங்கள் என்று நிலையத்திலிருந்து கேட்டபோது, "ஒக்டோபர் முதலாம் திகதிக்குத்தானே?" என்று நான் திருப்பிக் கேட்டேன். இல்லையாம், சாதாரண நாளொன்றில்தானாம். அதனால்தான் உடனே ஓம் என்றேன். முதியோர் தினம் என்று நாங்கள் நடத்துகிற விழாவில் எனக்குக் கனகாலமாக ஒரு கோபம். வயதானவர்களைக் காலையிலேயே பஸ்ஸில் ஏற்றி மண்டபத்தில் கொண்டுபோய் இருத்தி, பிரதம அதிதி வரும்வரை காக்க வைத்து, பிறகு ஆளாளுக்கு எழும்பி "நீங்கள்தான் எங்கள் சொத்து" என்று பேசி, ஒரு பொன்னாடை, ஒரு பார்சல் சோறு, ஒரு பெட்சீட், ஒரு படம். அந்த நாள் முழுக்க அவர்கள் வாய் திறக்கிறது சாப்பிடத்தான்.

நான் ஓர் உப தபாலகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவள். வன்னியில் முள்ளியவளைப் பக்கம். இப்போது எங்கள் சனசமூக நிலையத்தில் புதன்கிழமைப் பின்னேரங்களில் அறுபது வயதைத் தாண்டியவர்கள் கூடுகிறோம். படிக்கிறோம் என்று சொன்னால் சிலர் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், பரவாயில்லை.

இது நாங்கள் கண்டுபிடித்த ஒன்றில்லை. 1973இல் பிரான்ஸில் துலூஸ் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் பியர் வெல்லாஸ் என்ற பேராசிரியர், ஓய்வு பெற்றவர்களுக்கென்று வகுப்புத் தொடங்கினார். மூன்றாம் பருவத்துப் பல்கலைக்கழகம் என்று பெயர். படிக்கிற பருவம் ஒன்று, உழைக்கிற பருவம் ஒன்று, அதற்குப் பிறகு வருவது மூன்றாவது. அங்கே பேராசிரியர்கள் விரிவுரை செய்வார்கள், இவர்கள் கேட்பார்கள். 1980களின் தொடக்கத்தில் அது இங்கிலாந்துக்குப் போனபோது ஆளே மாறிவிட்டது. கேம்பிரிட்ஜில் பீற்றர் லாஸ்லெற் போன்றவர்கள் கூடி, தனியாக வாத்தியார் வேண்டாம், உங்களுக்குள் தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக் கொடுங்கள், சோதனை இல்லை, சான்றிதழ் இல்லை என்று விட்டுவிட்டார்கள். இன்றைக்கு ஒரு குழு வரலாறு படிக்கும், ஒரு குழு கூட்டாக நடக்கப் போகும், ஒரு குழு பாடும். எங்களுக்குத் தோதானது இந்த இரண்டாவது வகைதான். பேராசிரியருக்கு எங்கே போவது, ஆனால் தெரிந்த ஆட்கள் வன்னியில் நிறைய.

சரி, நான் பேச வந்த விடயம் இதுதான். இப்படி ஒரு வட்டம் தொடங்குகிறவர்கள் எல்லாரும் முதலில் பாடத்தைத்தான் யோசிக்கிறார்கள், கணினி, சிங்களம், சுகாதாரம் என்று. பாட்டு, விளையாட்டு, தேத்தண்ணி, சுற்றுலா எல்லாம் நேரம் மிஞ்சினால் பார்க்கலாம் என்று கடைசியில் போடுகிறார்கள். என் எண்ணம் நேர்மாறு. எழுபது வயதில் ஒருவர் வெயிலுக்குள்ளே சைக்கிள் உழக்கி வருவது பாடத்துக்காக இல்லை. கதைக்க ஆள் இருக்கிறது என்றுதான் வருகிறார், வந்த இடத்தில் பாடத்தையும் கேட்கிறார்.

ரெலிபோன் பாடத்தையே எடுங்கள். பிள்ளைகள் கனடாவில், சுவிஸில், பிரான்ஸில். வீட்டில் நல்ல போன் இருக்கிறது, வாங்கி அனுப்பியிருக்கிறார்கள். பேரன் பழக்குவான், எப்படி? போனை வாங்கி நாலு தட்டுத் தட்டிவிட்டு "இப்ப விளங்குதோ அம்மம்மா?" என்பான். விளங்கவில்லை என்று சொல்ல அவவுக்கு வெட்கம். எங்கள் வட்டத்தில் பழக்குகிறவ தானே போன கிழமைதான் அதைப் பழகியிருப்பா, எந்த இடத்தில் விரல் தடுக்கும் என்று அவவுக்குத் தெரியும், ஆறுதலாகச் சொல்லுவா.

அதிலும் வங்கியிலிருந்து கதைக்கிறோம் என்று அழைத்து இலக்கம் கேட்கிற கள்ளர்களைப் பற்றி நான் முதலில் கரும்பலகையில் எழுதி விளங்கப்படுத்தினேன். எல்லாரும் தலையாட்டினார்கள். ஒருவருக்கும் மனதில் நிற்கவில்லை. பிறகு கூத்தில் ஆடிப் பழகிய ஐயா ஒருவர் "தள்ளுங்கோ பிள்ளை, நான் கள்ளனாக வாறன்" என்று எழும்பினார். சால்வையைச் சுருட்டிக் காதில் வைத்துக்கொண்டு, கொழும்புத் தமிழில், "மெடம், உங்கள் கணக்கு இன்றோடு மூடப்படும், இப்போது வந்த ஆறு இலக்கத்தைச் சொல்லுங்கள்" என்று தொடங்க, முன்வரிசையில் இருந்த ஆச்சி கொஞ்சமும் யோசிக்காமல், "தம்பி, இலக்கம் கண் தெரியேல்லை, நாளைக்கு நானே பாங்குக்கு வாறன், உம்மட மனேச்சரை வாசலில நிக்கச் சொல்லும்" என்றா. மண்டபமே அதிர்ந்தது. இப்போது அப்படி அழைப்பு வந்தால் எங்கள் ஆட்கள் அந்த வசனத்தையே சொல்கிறார்கள்.

அடுத்தது முந்நூற்றி நாலு. காட்ஸ் விளையாட்டைப் படிப்பு வட்டத்துக்குள் விடுவதா என்று எங்களுக்குள்ளேயே சண்டை நடந்தது, சூது என்று சொன்னவர்களும் உண்டு. காசு வைக்கக் கூடாது என்ற கட்டோடு விட்டோம். தெரியாத இளசுகளுக்குச் சொல்கிறேன். நாலு பேர், முப்பத்திரண்டு காட்ஸ், புள்ளி என்று பார்த்தால் ஜே 30, ஒன்பது 20, ஆஸ் 11, பத்து 10, கே 3, கியூ 2, ஏழுக்கும் எட்டுக்கும் ஒன்றுமில்லை. ஒரு வகைக்கு 76, நாலு வகைக்கும் சேர்த்து 304. முதல் நாலு காட்ஸைப் பார்த்தே எத்தனை புள்ளி எடுப்போம் என்று கேள்வி கேட்க வேண்டும், துரும்பைக் கவிழ்த்து வைக்க வேண்டும், எது விழுந்தது, எது இன்னும் ஆர் கையில் என்று கடைசிவரை மனதில் வைத்திருக்க வேண்டும். காலையில் குளிசை போட்டேனா இல்லையா என்று தடுமாறுகிற மனுசன், மூன்றாவது கையில் டைமன் ஒன்பது ஆர் போட்டது என்று கேட்டால் டக்கென்று சொல்கிறார். பெண்கள் பக்கத்தில் புளியங்கொட்டையை வைத்துத் தாயம் விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் ஆண்கள் பக்கம் ஒரு கை குறைந்தது. தமையன்மாரோடு வளர்ந்த ஒரு மாமி, "நான் ஒருக்கா இருந்து பாக்கட்டே" என்று வந்து இருந்தா. அன்றைக்கு அவவை ஒருவராலும் வெல்ல முடியவில்லை. இப்போது அவவோடு சோடி சேரத்தான் போட்டி.

பாட்டுக்கு வருவோம். எங்கள் பக்கம் கோவலன் கூத்து வழிவழியாக ஆடிய இடம். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலும் பக்கத்தில்தான். வைகாசிப் பொங்கல் காலத்தில் காட்டு விநாயகர் கோயிலில் கடல்நீரில் விளக்கெரிகிற நாட்களில் எங்கள் வட்டத்துக்கு விடுமுறை, வைத்தாலும் ஒருவரும் வரமாட்டார்கள். அப்படியான ஊரில் பாட்டுத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, கடைசியில் 2009இல் உடுத்த உடுப்போடு வந்தபோது, கூத்துக் கொப்பிகள் எல்லாம் போய்விட்டன. மிஞ்சினது இவர்களின் தலைக்குள் இருப்பதுதான். ஒருவருக்கு முதலடி வரும், இரண்டாமடி வராது. மற்றவர் அதைப் பிடித்துக் கொடுப்பார். இல்லை, அது அப்படியில்லை என்று மூன்றாமவர் மறிப்பார். அந்தச் சண்டையைப் பொடியன் ஒருவன் போனில் பதிந்துகொண்டிருப்பான். பதிவில் பாட்டைவிடச் சண்டைதான் கூட, ஆனால் எழுதி எடுக்கும்போது அந்தச் சண்டைதான் உதவுகிறது.

ஓர் இடத்தில் மட்டும் கவனம் தேவை. வெளியிலிருந்து வந்த பிள்ளைகள் சிலர், நல்ல பிள்ளைகள்தான், ஒப்பாரி பதிய வேண்டும் என்று கேட்டார்கள். ஆச்சிமார் ஒருவரும் வாய் திறக்கவில்லை. செத்த வீடில்லாத இடத்தில் ஒப்பாரி சொல்வது எங்கள் சனத்துக்கு ஆகாது, அது ஒரு காரணம். மற்றக் காரணத்தை நான் சொல்லித்தான் வன்னியில் இருக்கிற உங்களுக்குத் தெரிய வேண்டுமா? 2009இல் ஒப்பாரி சொல்லவே நேரம் கிடைக்காமல் விட்டுவிட்டு வந்தவர்கள் அந்த அறைக்குள் இருந்தார்கள். கலை, பாரம்பரியம், ஆவணப்படுத்தல் என்று யாராவது பெரிய சொல்லோடு வந்தால் முதலில் தேத்தண்ணி குடிக்கச் சொல்லுங்கள், கொஞ்ச நாள் வந்து போகச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளைகளும் வந்து போனார்கள். தாலாட்டும் நெல்லுக் குத்துகிற பாட்டும் தாராளமாகக் கிடைத்தன. ஒப்பாரியை இன்றுவரை நாங்கள் கேட்கவில்லை, கேட்கப் போவதுமில்லை.

வன்னி என்றால் ஒரே சனம் என்று வெளியில் நினைக்கிறார்கள். எங்கள் வட்டத்தில் பழைய ஊர்ச்சனம் இருக்கிறது, காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காடு வெட்டினவர்கள் இருக்கிறார்கள், 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து குடியேறினவர்கள் இருக்கிறார்கள். இவ்வளவு வருசம் ஒரே குளத்துத் தண்ணீரில் வயல் செய்தும், ஒருவர் வீட்டில் ஒருவர் சாப்பிடாத கதை எங்கள் ஊர்களில் உண்டு, மறைத்து என்ன. மலையகத்திலிருந்து வந்த ஒரு அம்மா மாசி மாதத்தில் தங்கள் தோட்டத்தில் ஆடின காமன் கூத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினா, ரதி எப்படி அழுவாள், காமனை எப்படி எரிப்பார்கள் என்று. எங்கள் கூத்துக்கார ஐயா வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "இவ்வளவு நாளும் ஏன் சொல்லேல்லை?" என்றார். "நீங்க கேக்கலையே" என்றா. அவ்வளவுதான் பதில். ஆடிப்பிறப்புக்கு நாங்கள் பொதுவில் கூழ் காய்ச்சினபோது அந்த அம்மாதான் அகப்பை பிடித்தா. எல்லாரும் குடித்தார்களா என்று கேட்டால், இல்லை, இரண்டு பேர் வயிறு சரியில்லை என்றார்கள். வயிறு எப்போது சரிவருகிறது என்று பார்ப்போம்.

சுற்றுலாவும் போனோம், மன்னார்ப் பக்கம். காலையில் மடு, பிறகு திருக்கேதீச்சரம், கடைசியாகப் பெருக்கமரம். சைவக்காரரும் கிறிஸ்தவரும் ஒரே பஸ்ஸில். போகப் போகிறவர்களுக்கு ஒரு அனுபவப் புத்தி: பார்க்கிற இடங்களைப் பிறகு தீர்மானியுங்கள், முதலில் வழியில் கழிப்பறை எங்கே இருக்கிறது என்று பார்த்து வையுங்கள், அதுவும் குந்தி எழும்ப முடியாதவர்களுக்குத் தோதானதாக. அதற்குப் பயந்தே விடியத்திலிருந்து தண்ணீர் குடிக்காமல் வருகிற அம்மாக்கள் இருக்கிறார்கள். பஸ்ஸின் முதற்படி உயரம். ஒரு சின்ன வாங்கு கொண்டு போங்கள்.

நேரகாலம் வைப்பதும் ஒரு கலை. பென்சன் வருகிற 10ஆம் திகதி கூட்டம் வைக்கக் கூடாது. காலபோக அறுவடையில் வைக்கக் கூடாது, வீட்டுக்காவலும் நெல்லுக்காவலும் இவர்கள் தலையில்தான், குரங்கு வேறு. காட்டோரக் கிராமங்களில் பொழுதுபட முதல் முடித்துவிட வேண்டும், ஆனை ரோட்டுக்கு வந்துவிடும். தேத்தண்ணி சீனியில்லாமல் ஊற்றுங்கள், வேண்டியவர்கள் பனங்கட்டியைக் கடித்துக் கொள்ளட்டும். வீட்டில் சொல்லாமல் இரண்டு துண்டு எடுக்கிறவர்களையும் எனக்குத் தெரியும்.

காசுக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். அநேகமாகக் காசு தேவையில்லை. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, முதியோர் செயலகம் இருக்கிறது, கிராமத்துக்குக் கிராமம் முதியோர் சங்கமும் இருக்கிறது. பல இடங்களில் சங்கம் கூடுவது நிவாரணப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்க்கத்தான். அதே கூட்டத்தை ஒரு மணித்தியாலம் நீட்டினால் போதும். வவுனியாவில் 2021இலிருந்து தனிப் பல்கலைக்கழகம் இருக்கிறது, கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கிறது. எங்கள் ஆட்களைக் கூப்பிட்டு விரிவுரை வைக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. விவசாயம் படிக்கிற பிள்ளைகளை இரண்டு பின்னேரம் இங்கே அனுப்புங்கள். பச்சைப்பெருமாள் நெல் எந்த மண்ணில் விழும், எந்த மழைக்கு விதைக்கலாம் என்று சொல்ல ஆள் இருக்கிறது. அவர்கள் ஆறுமாதம் காத்திருக்க மாட்டார்கள், வயது அப்படி.

உலக சுகாதார நிறுவனம் 2023இல் தனிமையைப் பற்றி ஆராயவென்றே ஓர் ஆணைக்குழுவை அமைத்தது. எங்களுக்கு ஆணைக்குழு தேவையில்லை, ஐந்து அறை வீட்டில் ஒரு ஆச்சியும் ஒரு நாயும் இருக்கிற வீடுகளை எங்கள் ஒழுங்கையிலேயே பார்க்கலாம். அப்படிப்பட்ட ஒருவ முதல் நாள் எங்கள் வட்டத்துக்கு வந்தால், "இருங்கோ அம்மா" என்று கதிரை போட்டுக் கொடுத்து அப்படியே விட்டுவிடாதீர்கள். வரவு எழுதுகிற கொப்பியைக் கொடுங்கள். எழுத முடியாதென்றால் தேத்தண்ணிக் கேத்தலைக் கொடுங்கள். அடுத்த கிழமை அவ வராமல் இருந்தால் கேத்தல் இல்லையே என்று நாலு பேர் தேடுவார்கள். தேடிப் போக ஒரு சாட்டுக் கிடைக்கும்.

உங்கள் ஊரில் தொடங்க விருப்பமென்றால் சனசமூக நிலையத்துத் திறப்பு ஆரிடம் என்று இன்றைக்கே விசாரியுங்கள். எங்கள் ஊரில் அதைக் கண்டுபிடிக்கவே ஒரு மாதம் போனது, கடைசியில் அது விளையாட்டுக் கழகத்துப் பொடியளிடம் இருந்தது, பின்னேரம் ஆறு மணிக்கு கரம் விளையாடத் தங்களுக்குத் திருப்பித் தர வேண்டும் என்ற ஒப்பந்தத்தில் தந்தார்கள். ஆறு மணிக்கு நாங்கள் எழும்பத்தான் வேண்டும், ஆனால் சில ஐயாமார் எழும்பாமல் அந்தப் பொடியளோடேயே கரம் அடிக்க இருந்து விடுகிறார்கள். வணக்கம்.