மூச்சுக்கு ஆணையிடும் நரம்புகள்

அவையோர் அனைவருக்கும் வணக்கம். மூச்சை அடக்கிக்கொண்டு சற்று நேரம் இருந்தால் நெஞ்சுக்குள் ஓர் உந்துதல் எழுந்து, பிறகு எவ்வளவு முயன்றாலும் அடங்க மறுக்கிறது. ஆக்சிஜன் தீர்ந்துவிட்டதே இந்தத் தவிப்புக்குக் காரணம் என்று பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில், நலமாக உள்ள உடலில் அதை முதன்மையாகக் கிளப்புவது இரத்தத்தில் சேரும் கார்பன் டை ஆக்சைடுதான். ஹால்டேன், பிரீஸ்ட்லி ஆகிய உடலியல் அறிஞர்கள் இருவரும் 1905ஆம் ஆண்டிலேயே இதை நிறுவிவிட்டார்கள்.

தமனி இரத்தத்தில் அந்த வாயுவின் அழுத்தம் இயல்பாக 40 மில்லிமீட்டர் பாதரசம் அளவில் இருக்கும். அது சற்றே உயர்ந்தாலும், மூளைக்கும் இரத்தத்துக்கும் இடையிலுள்ள தடுப்பை எளிதில் கடந்து, நீருடன் கூடி அமிலமாகி, ஹைட்ரஜன் அயனிகளை வெளியிடுகிறது. மூளையின் அடிப்பகுதியான முகுளத்தின் முன்புற மேற்பரப்பை ஒட்டிய உணர்செல்கள் அந்த அமிலத்தன்மையை உணர்ந்து, மூச்சின் தாளத்தை வகுக்கும் நரம்பணுக்களைத் தூண்டுகின்றன. அந்த ஆணை கழுத்துத் தண்டுவடத்தின் 3, 4, 5ஆம் பகுதிகளிலிருந்து புறப்படும் நரம்பின் வழியே, மூச்சிழுக்க உதவும் தசையான உதரவிதானத்தை அடைகிறது. அழுத்தம் இரண்டு மூன்று மில்லிமீட்டர் கூடினாலே ஒரு நிமிடத்தில் உள்ளிழுக்கும் காற்று ஏறத்தாழ இரட்டிப்பாகிவிடும் என்றால், இந்த ஏற்பாட்டின் நுட்பத்தை என்னவென்று சொல்வது!

அப்படியானால் ஆக்சிஜனைக் கண்காணிப்பது யார்? கழுத்துத் தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில், சில மில்லிமீட்டரே நீளமுள்ள ஒரு சிறு திசு இருக்கிறது. எடைக்கு எடை பார்த்தால் மூளையைவிட மிகுதியான இரத்தம் அதற்குள் பாய்கிறது. ஆக்சிஜன் குறையும்போது அதன் செல்களில் பொட்டாசியம் வாயில்கள் மூடிக்கொள்ள, கால்சியம் உள்ளே புக, ஒன்பதாம் மூளை நரம்பு முகுளத்துக்குச் செய்தி அனுப்புகிறது. இத்துறை ஆய்வுக்காகவே பெல்ஜிய நாட்டு அறிஞர் ஹேமன்ஸ் 1938ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசைப் பெற்றார். ஆனால் ஆக்சிஜன் அழுத்தம் 60 மில்லிமீட்டருக்கு அருகில் இறங்கிய பிறகுதான் இந்தக் காவல் உரக்கக் குரல் கொடுக்கிறது.

நீரில் மூழ்கி நீந்துமுன் வேகவேகமாக மூச்சிழுப்பவர்கள் இதை அவசியம் அறிந்திருக்க வேண்டும். அப்பழக்கம் ஆக்சிஜன் இருப்பைப் பெரிதாகக் கூட்டுவதில்லை. கார்பன் டை ஆக்சைடை மட்டும் வெளியேற்றிவிடுகிறது. அதனால் மூச்சுத் தவிப்பு எழுவதற்கு முன்பே ஆக்சிஜன் தாழ்ந்து நினைவு தப்பக்கூடும். கழுத்துத் தமனியின் காவலும் அப்போது உரிய நேரத்தில் கைகொடுப்பதில்லை. கார்பன் டை ஆக்சைடு குறைந்த இரத்தத்தில் ஆக்சிஜன் குறைவுக்கு அது காட்டும் எதிர்வினையே மங்கிவிடுகிறது.