நடுவில் நின்றவர்

நேயர்களுக்கு வணக்கம்.

முப்பது வருடத்துக்கு மேல் நீதிமன்றங்களில் மொழிபெயர்ப்பாளனாக வேலை பார்த்தவன் நான். சாட்சி சொல்வதை நீதிபதிக்குச் சொல்லணும், நீதிபதி கேட்பதைச் சாட்சிக்குச் சொல்லணும். தீர்ப்பு நகலில் எல்லார் பெயரும் இருக்கும். தட்டச்சு செய்தவரின் இரண்டெழுத்துகூட மூலையில் இருக்கும். மொழிபெயர்த்தவன் பெயர் மட்டும் இருக்காது. குறையாகச் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பழக்கத்தால், எந்தச் சரித்திரப் புத்தகத்தை எடுத்தாலும் நடுவில் நின்று பேசினவன் யார் என்றுதான் என் கண் முதலில் தேடும். அப்படி எனக்கு அகப்பட்டவர்தான் துப்பாயா.

கேப்டன் குக்கைப் பள்ளிக்கூடத்தில் ஒரு மதிப்பெண் கேள்விக்காகப் படித்திருப்பீர்கள். அவருடைய எண்டெவர் கப்பல் 1769 ஏப்ரலில் தாஹிட்டி தீவுக்கு வந்தது. ஜூன் 3ஆம் தேதி வெள்ளி கிரகம் சூரியனுக்குக் குறுக்கே போவதைப் பார்த்துக் குறிக்க வேண்டும், அதுதான் வெளியே சொன்ன காரணம். ஜூலையில் கப்பல் கிளம்பியபோது அதில் இரண்டு புது ஆட்கள் ஏறினார்கள். ஒருவர் துப்பாயா, இன்னொருவன் அவரோடு வந்த சிறுவன் தையாத்தா.

துப்பாயா பிறந்தது பக்கத்தில் ராயாட்டேயா தீவில். பூசாரி, கடலோடி, பரம்பரைக் கதைகளை மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர். போரா போரா தீவுக்காரர்கள் படையெடுத்து வந்தபோது சொந்த மண்ணை விட்டுத் தாஹிட்டிக்கு ஓடி வந்தவர். அவரைக் கப்பலில் ஏற்றிக்கொள்ளக் குக்குக்கு முதலில் மனசில்லை. கப்பலில் இருந்த பணக்கார இளைஞர் ஜோசப் பேங்க்ஸ்தான் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அன்றைக்கு அவர் தன் குறிப்பில் எழுதியதைக் கேளுங்கள். ஊரில் என் அக்கம்பக்கத்தார் பெரும் செலவில் சிங்கமும் புலியும் வளர்க்கிறார்களே, நான் இவரை ஒரு விந்தையாக வைத்துக்கொண்டால் என்ன? இப்படித்தான் எழுதியிருக்கிறார்.

அந்த ‘விந்தை’ கப்பலில் உட்கார்ந்து எழுபத்து நான்கு தீவுகள் கொண்ட ஒரு வரைபடத்துக்கு விவரம் சொன்னது. பல தீவுகள் அந்த வெள்ளைக்காரர்கள் கேள்விப்படாதவை. அந்த வரைபடத்தைப் பற்றி எனக்கு மணிக்கணக்கில் பேச ஆசை. ஆனால் வானொலியில் கையை ஆட்டி என்ன பயன்? ஒன்றே ஒன்று சொல்கிறேன். அதன் நடுவில் தாஹிட்டி மொழியில் ‘நண்பகல்’ என்று எழுதியிருக்கிறது. நண்பகல் சூரியன் நிற்கும் திசையை வைத்துப் படிக்க வேண்டியதை, வடக்கு மேலே இருக்கும் நம் வரைபடம் மாதிரி படித்ததால்தான் இத்தனை காலம் குழப்பம் என்று, 2019இல் ஜெர்மனியில் பாட்ஸ்டாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் எழுதினார்கள். சரி, விட்டுவிடுகிறேன்.

1769 அக்டோபர் 8. நியூசிலாந்தின் கிழக்குக் கரையில், இன்று கிஸ்போர்ன் ஊர் இருக்கும் இடத்தில், குக் ஆட்களோடு இறங்குகிறார். துப்பாயா அவரோடு போகவில்லை. பொழுது சாய்வதற்குள் அந்த நாட்டின் பூர்வகுடிகளான மாவோரிகளின் தலைவர் தே மாரோ சுட்டுக் கொல்லப்பட்டுவிட்டார். மறுநாள் காலை ஆற்றின் அக்கரையில் மாவோரிகள் ஆயுதங்களோடு நின்று போர் நடனம் ஆடுகிறார்கள். இந்தப் பக்கம் துப்பாக்கிகள். அப்போது துப்பாயா தன் மொழியில் பேசினார். அக்கரையில் இருந்தவர்களுக்குப் புரிந்துவிட்டது!

யோசித்துப் பாருங்கள். இரண்டு ஊருக்கும் நடுவே சுமார் நாலாயிரம் கிலோமீட்டர் கடல். ஆனால் அவர் ஊரில் மீன் ‘இஆ’, இங்கே ‘இகா’. கண் இரண்டு இடத்திலும் ‘மாதா’. ஒரே மூதாதையர் படகேறிப் போய்க் குடியேறிய தீவுகள் அல்லவா? ஒருவன் நீந்தி வந்து ஆற்றின் நடுவில் இருந்த பாறையில் ஏறினான். குக் ஆயுதத்தை வைத்துவிட்டுப் போனார். இருவரும் மூக்கோடு மூக்கு வைத்து வணங்கிக்கொண்டார்கள். அத்தோடு சுபம் என்று சொல்ல ஆசைதான். கொஞ்ச நேரத்தில் மாவோரி ஒருவன் வெள்ளைக்காரர் ஒருவரின் வாளைப் பறித்தான், மறுபடி துப்பாக்கி வெடித்தது. மொழி புரிந்துவிட்டால் சண்டை வராது என்று நினைக்காதீர்கள். நீதிமன்றத்தில் வந்து உட்கார்ந்து பாருங்கள், தெரியும்.

இடையில் கேட்கத் தொடங்கியவர்களுக்கு: துப்பாயா என்ற தாஹிட்டிக் கடலோடியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறேன். அடுத்த சில நாட்களில் கப்பல் ஊவாவா என்ற விரிகுடாவில் நின்றது. அங்கே ஒரு பூசாரியும் துப்பாயாவும் நெடுநேரம் சாமி விஷயம் பேசினார்கள். மாவோரிகள் மரியாதையோடு கேட்டார்கள். அவர்களுக்குக் குக் பெரிய ஆள் இல்லை. அது துப்பாயாவின் கப்பல்.

துபாஷி, அதாவது இரண்டு மொழி தெரிந்து நடுவில் நின்று பேசுகிறவர், என்ற சொல் நமக்குத் தெரியும். புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். அதனால் துபாஷியின் மனசில் என்ன ஓடியது என்று இன்று படிக்க முடிகிறது. துப்பாயா எழுதவில்லை. ஆனால் வரைந்தார்.

கப்பலில் இருந்த ஓவியர்களைப் பார்த்து நீர்வண்ணம் பழகிக்கொண்டார். ஒரு படம் இன்றும் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. மனசில் வரைந்துகொள்ளுங்கள். இடப்பக்கம் ஒரு மாவோரி, மேலாடை போர்த்தியவர். வலப்பக்கம் கோட்டும் தொப்பியுமாக ஒரு வெள்ளைக்காரர். மாவோரியின் கையில் பெரிய சிங்கி இறால், சிவப்பாக, மீசை நீட்டிக்கொண்டு. வெள்ளைக்காரர் கையில் ஒரு வெள்ளைத் துணி. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தபடி பண்டமாற்று. முழுசாக விடவில்லை யாரும்! நம் மீன் சந்தையில் பார்க்கிறோமே, காசு கைக்கு வரும்வரை மீனை விடமாட்டார், மீன் கைக்கு வரும்வரை காசை விடமாட்டார், அதேதான்.

யார் வரைந்தது என்று இருநூறு வருடத்துக்கு மேல் தெரியவில்லை. பேங்க்ஸ் வரைந்திருக்கலாம் என்றுகூட நினைத்தார்கள். 1997இல் பேங்க்ஸின் பழைய கடிதம் ஒன்று கண்ணில் பட்டது, 1812இல் எழுதியது. அதில் சொல்கிறார்: துப்பாயா என்னைக் கேலிப்படமாக வரைந்தார், ஒரு கையில் ஆணியை நீட்டுகிறேன், மறுகையால் இறாலை இறுக்கிப் பிடித்திருக்கிறேன், சரக்கு வந்து சேரும்வரை ஆணியை விடுவதாக இல்லை. படத்தில் இருப்பது துணி, கடிதத்தில் ஆணி. நாற்பத்து மூன்று வருடத்து ஞாபகம் அப்படித்தான் இருக்கும். ஆனால் தன்னைத்தான் கிண்டல் செய்தார் என்பது பேங்க்ஸுக்கு மறக்கவில்லை. சிங்கம், புலி என்று எழுதிய மனிதரைச் சிங்கம் வரைந்துவிட்டது. எனக்கு இந்தப் படத்தின் மேல் தீராத ஆசை, பேசிக்கொண்டே போய்விட்டேன், நேரத்தைப் பார்க்கவில்லை.

ஆஸ்திரேலியாவில் அவர் மொழி செல்லவில்லை, ஒரு வார்த்தைகூட. ஆனாலும் 1770 ஜூலையில், உடைந்த கப்பலைப் பழுதுபார்த்த ஆற்றங்கரையில், ஈட்டியோடு வந்தவர்களை ஈட்டியைக் கீழே வைத்துத் தன்னருகே உட்கார வைத்தவர் துப்பாயாதான். வார்த்தை இல்லாத இடத்திலும் துபாஷிக்கு வேலை உண்டு. எப்படி உட்காருவது, எங்கே நிறுத்துவது என்று தெரிந்திருக்க வேண்டும்.

அந்த வருடக் கடைசியில் பட்டேவியாவில், இன்றைய ஜகார்த்தாவில், முதலில் சிறுவன் தையாத்தா இறந்தான். சில நாட்களில் அவரும். குக் எழுதிய வரி: கூர்மையானவர், விவேகி, திறமைசாலி, ஆனால் கர்வமும் பிடிவாதமும் உள்ளவர். போன கரையெல்லாம் தலைவனாக வரவேற்கப்பட்டவருக்குக் கர்வம் இல்லாமல் எப்படி?

1773இல் குக் மறுபடி நியூசிலாந்து போனார். மாவோரிகள் துப்பாயா எங்கே என்று கேட்டார்கள். செத்துவிட்டார் என்றதும், தானாகச் செத்தாரா, நீங்கள் கொன்றுவிட்டீர்களா என்று கேட்டார்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள். பாரிஸ் போய் அம்மையில் செத்த ஆஹுத்தோரு, லண்டன் போய்த் திரும்பிய மாய், போரா போராவின் ஹிதிஹிதி, இவர்களைப் பற்றியும் தாளில் குறித்துக்கொண்டு வந்திருந்தேன். 1976இல் ஹவாயிலிருந்து தாஹிட்டிக்குத் திசைகாட்டிக்கூட இல்லாமல் ஹோகுலேயா படகுக்கு வழி சொன்ன மாவ் பியாய்லுக் கதையும் இருக்கிறது. அவர் தாஹிட்டி, ஹவாய்க்காரர்களைப் போலப் பாலினேசியரே இல்லை, மைக்ரோனேசியாவின் சத்தவால் தீவுக்காரர். அவர் ஏன் வந்தார் என்பதை அடுத்த முறை கூப்பிட்டால் அங்கிருந்தே தொடங்குகிறேன். வணக்கம்.